பழைய சுமையுந்தில் தானியங்கி கியர்பெட்டி பொருத்துதல்

பழைய சுமையுந்தில் தானியங்கி கியர்பெட்டி பொருத்துதல் என்பது, கையால் கியர் மாற்றும் பெட்டியுடன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒரு பழைய சுமையுந்தின் கியர்பெட்டியையும் கிளட்சையும் நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் தானாகக் கியர் மாற்றும் பெட்டியை முறுக்குவிசை மாற்றியுடன் பொருத்தும் மாற்றம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பழைய சிறு சுமையுந்துகளைப் புதுப்பிப்போரிடையே இது பரவலாகச் செய்யப்படுகிறது. இக்கட்டுரை 1967 முதல் 1972 வரை விற்பனையான செவ்ரொலே சி10 வகைச் சுமையுந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை விளக்குகிறது.

ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலையாக இது தோன்றினாலும், உண்மையில் கிராங்க் தண்டின் பின்முனையிலிருந்து பின் அச்சு வரை உள்ள பல உறுப்புகளை ஒன்றுக்கொன்று பொருந்துமாறு மாற்றி அமைக்கும் வேலையாகும். பெட்டி நல்லதாக இருந்தும் மாற்றம் தோல்வியடைவதற்குப் பெரும்பாலும் அதனைச் சூழ்ந்துள்ள சிறு உறுப்புகளே காரணமாகின்றன. ஒரு கம்பி வடத்தின் தளர்ச்சி புதிய பெட்டியை எரித்துவிடலாம். ஒரு மின்விசை இல்லாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

பின்னணி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் மகிழுந்துகளில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கி கியர்பெட்டியை அறிமுகப்படுத்தியது. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டி இதுவே. 1950 இல் செவ்ரொலே மகிழுந்துகளுக்குப் பவர்கிளைடு என்னும் இரு கியர் தானியங்கிப் பெட்டி வந்தது. 1954 இல் செவ்ரொலேயின் சிறு சுமையுந்துகளிலும் ஹைட்ராமாட்டிக் விருப்பத் தேர்வாக வழங்கப்பட்டது. ஆயினும் சுமையுந்து என்பது பண்ணைக்கும் பணிமனைக்கும் உரிய கருவியாகவே கருதப்பட்டமையால், விலை குறைந்ததும் பழுதுபார்க்க எளியதுமான கைமுறைப் பெட்டியையே வாங்குவோர் நெடுங்காலம் விரும்பினர்.

இடது காலால் மிதிக்க வேண்டிய கிளட்ச் இல்லாமை சிலருக்கு வசதி மட்டுமன்று, தேவையும் ஆகும். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்த படைவீரர்கள் தகுந்த அமைப்புகளுடைய ஊர்தியை வாங்க 1,600 டாலர் வரை உதவி வழங்கும் சட்டம் 1946 இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்டது. இடது காலை இழந்த ஒருவர் வாகனம் ஓட்டுவதைத் தானியங்கி கியர்பெட்டி இயல்பாக்கியது. இன்றும் முழங்கால் தேய்வு, முடக்கம் போன்ற காரணங்களால் தமது பழைய சுமையுந்தைத் தொடர்ந்து ஓட்ட இயலாதோர் இம்மாற்றத்தை நாடுகின்றனர்.

எடுத்துக்காட்டு வண்டி

செவ்ரொலே சி/கே தொடரின் இரண்டாம் தலைமுறை 1967 முதல் 1972 மாதிரி ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. பெயரில் உள்ள சி என்னும் எழுத்து இரு சக்கர இயக்கத்தையும், கே என்னும் எழுத்து நான்கு சக்கர இயக்கத்தையும் குறிக்கும். 10 என்னும் எண் அரை டன் வகையைக் குறிக்கும். இதே வண்டிகள் ஜிஎம்சி பெயரிலும் விற்கப்பட்டன.

இவ்வண்டியின் அடிப்படை வகையில் மூன்று கியர் கொண்ட கைமுறைப் பெட்டி இருந்தது. அதன் நெம்புகோல் தரையில் இல்லாமல் சுக்கான் தூணில் அமைந்திருந்தது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் இதனை "மரத்தின் மேல் மூன்று" என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரால் அழைப்பர். கூடுதல் பணம் செலுத்துவோருக்கு நான்கு கியர் பெட்டி கிடைத்தது. 1968 இல் வந்த எஸ்எம்465 பெட்டியின் முதல் கியர் விகிதம் 6.55 ஆகும். நடக்கும் வேகத்திலும் குறைவாக, பெருஞ்சுமையுடன் ஊர்ந்து செல்ல இது பயன்பட்டது.

இவ்வண்டி இம்மாற்றத்திற்கு ஏற்றதாகக் கருதப்படுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவதாக, இதே வண்டி தொழிற்சாலையிலேயே தானியங்கிப் பெட்டியுடனும் விற்கப்பட்டது. எனவே சுக்கான் தூண், பிரேக் மிதி, குறுக்குச்சட்டம் ஆகியவற்றுக்கு ஒரு முன்மாதிரி உள்ளது. இரண்டாவதாக, செவ்ரொலேயின் வி8 எஞ்சின்களின் பின்புறத்தில் கியர்பெட்டியைப் பூட்டும் துளைகள் ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. அக்கால 250, 292 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்களும் இதே ஒழுங்கைக் கொண்டவை. ஆகவே ஒரு எஞ்சினுக்குரிய பெட்டி மற்றொன்றிலும் பூட்டப்படலாம்.

இரு வகைப் பெட்டிகளின் வேறுபாடு

கைமுறைப் பெட்டியில் எஞ்சினின் சுழற்சி ஃபிளைவீல் எனப்படும் கனத்த சக்கரம், கிளட்ச் தட்டு ஆகியவற்றின் உராய்வு வழியாகப் பெட்டிக்குள் செல்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது இத்தொடர்பு அறுகிறது. எந்தக் கியரை எப்போது இணைப்பது என்பதை ஓட்டுநரே முடிவு செய்கிறார்.

தானியங்கிப் பெட்டியில் கிளட்சின் இடத்தை முறுக்குவிசை மாற்றி எடுத்துக்கொள்கிறது. பட்டறைகளில் இது டார்க் கன்வெர்ட்டர் எனப்படும். எண்ணெய் நிரம்பிய இவ்வுருளையினுள் எஞ்சினோடு சுழலும் இறைப்பி, பெட்டியின் உள்தண்டைச் சுழற்றும் விசையாழி, இவ்விரண்டுக்கும் இடையே எண்ணெயின் திசையைத் திருப்பும் நிலைப்பி என மூன்று இதழ்ச் சக்கரங்கள் உள்ளன. வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கு இவற்றினிடையே உள்ள வழுக்கமே காரணம். புறப்படும் வேளையில் நிலைப்பியின் உதவியால் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. வேகம் கூடக்கூட இப்பெருக்கம் குறைந்து, இறுதியில் இரு சக்கரங்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுழல்கின்றன.

கியர் மாற்றத்தைக் கோள் பற்சக்கரத் தொகுதிகள் செய்கின்றன. அவற்றின் உறுப்புகளைப் பிடித்து நிறுத்தவும் இணைக்கவும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பல சிறு கிளட்சுகளும் பட்டைகளும் உள்ளன. இவற்றுக்கு எண்ணெயைப் பங்கிட்டு அனுப்புவது வால்வுத் தொகுதி. வண்டியின் வேகம், எஞ்சின் மீதுள்ள சுமை ஆகிய இரு செய்திகளைக் கொண்டே அது முடிவெடுக்கிறது. கணினி இல்லாத அக்காலப் பெட்டிகளில் வேகத்தைப் பெட்டியினுள் சுழலும் கவர்னர் அறிவிக்கிறது. சுமையை வெளியிலிருந்து ஒரு வெற்றிடக் குழாயோ கம்பி வடமோ அறிவிக்கிறது. இந்த வெளித்தொடர்பைச் சரியாக அமைப்பதே மாற்றத்தின் மிக நுட்பமான பகுதியாகும்.

பொருத்தப்படும் பெட்டிகள்

இவ்வண்டியில் பொருத்துவதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பின்வரும் பெட்டிகள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

* டர்போ ஹைட்ராமாட்டிக் 350 – 1969 மாதிரி ஆண்டில் வந்த மூன்று கியர் பெட்டி. விகிதங்கள் 2.52, 1.52, 1.00. எளிய அமைப்பு கொண்டது. இதே வண்டித் தொடரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது.
* டர்போ ஹைட்ராமாட்டிக் 400 – 1964 இல் அறிமுகமான மூன்று கியர் பெட்டி. விகிதங்கள் 2.48, 1.48, 1.00. கனமானது, மிகுந்த வலிமையுடையது. பெரிய எஞ்சின்களுக்கும் பெருஞ்சுமைக்கும் உரியது.
* 700ஆர்4 – 1982 இல் வந்த நான்கு கியர் பெட்டி. விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. நான்காவது கியர் மிகைவேகக் கியராகும். முறுக்குவிசை மாற்றியின் வழுக்கத்தை முற்றாக நீக்கும் பூட்டுக் கிளட்சும் உண்டு. 1990 முதல் இது 4எல்60 எனப்பட்டது.
* 4எல்60-இ – 1993 முதல் வந்த, மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட வகை. இதனைப் பழைய வண்டியில் இயக்கத் தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கணினியும் த்ரோட்டில் நிலை உணரியும் தேவை.

கியர் விகிதமும் பின் அச்சும்

எந்தப் பெட்டி பொருத்தமானது என்பதைப் பெட்டியை மட்டும் பார்த்துக் கூற இயலாது. பின் அச்சின் விகிதத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 71 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 747 முறை சுழலும். இதனைப் பின் அச்சு விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் எஞ்சினின் சுழற்சி கிடைக்கும். வழுக்கத்தை நீக்கிக் கணக்கிட்டால் அது பின்வருமாறு அமையும்.

* பின் அச்சு 3.07: நேர் கியரில் 2,290 சுற்றுகள், 0.70 மிகைவேகக் கியரில் 1,610 சுற்றுகள்
* பின் அச்சு 3.73: நேர் கியரில் 2,790 சுற்றுகள், மிகைவேகக் கியரில் 1,950 சுற்றுகள்
* பின் அச்சு 4.11: நேர் கியரில் 3,070 சுற்றுகள், மிகைவேகக் கியரில் 2,150 சுற்றுகள்

சுமை இழுப்பதற்காக 3.73 அல்லது 4.11 விகித அச்சு கொண்ட வண்டி, மூன்று கியர் பெட்டியுடன் நெடுஞ்சாலையில் செல்லும்போது எஞ்சின் இரைச்சலுடன் ஓடுகிறது. 700ஆர்4 பெட்டி அதனை அமைதியாக்குகிறது. ஆனால் 3.07 அச்சுடன் அதே பெட்டியைச் சேர்த்தால், மிகைவேகக் கியரில் எஞ்சினின் சுழற்சி தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது சிறு ஏற்றத்திலும் எஞ்சின் திணறுவதால் பெட்டி மூன்றாவது கியருக்கும் நான்காவது கியருக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும்.

புறப்படும் வலிமையையும் இவ்வாறே ஒப்பிடலாம். 3.73 அச்சுடன் 350 பெட்டியின் முதல் கியர் மொத்த விகிதம் 9.4, 700ஆர்4 பெட்டிக்கு 11.4, எஸ்எம்465 கைமுறைப் பெட்டிக்கு 24.4. முறுக்குவிசை மாற்றி இரு மடங்கு பெருக்குவதாகக் கொண்டால் 700ஆர்4 பெட்டியின் தொடக்க இழுவிசை எஸ்எம்465 பெட்டிக்கு ஏறத்தாழ நிகராகிறது. எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கைமுறைப் பெட்டி அவ்விழுவிசையை நாள் முழுவதும் தரும். முறுக்குவிசை மாற்றியோ வழுக்கும் ஒவ்வொரு நொடியும் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதியை எண்ணெயில் வெப்பமாக மாற்றுகிறது.

மாற்றத்தின் கூறுகள்

எஞ்சினின் பின்முனை

கைமுறைப் பெட்டியின் உள்தண்டின் நுனியைத் தாங்குவதற்காகக் கிராங்க் தண்டின் பின்முனைத் துளையில் பைலட் புஷ் என்னும் சிறு வெண்கல வளையம் உள்ளது. தானியங்கிப் பெட்டிக்கு இது தேவையில்லை, பொதுவாக அகற்றப்படுகிறது. கனத்த ஃபிளைவீலுக்குப் பதிலாக ஃபிளெக்ஸ்பிளேட் எனப்படும் மெல்லிய உருக்குத் தகடு பூட்டப்படுகிறது. முறுக்குவிசை மாற்றி இத்தகட்டோடு பிணைக்கப்படும்.

தகட்டைத் தேர்வதில் மூன்று செய்திகள் கவனிக்கப்படுகின்றன. அதன் விளிம்பில் 153 பற்களா 168 பற்களா என்பது முதலாவது. அதற்கேற்பவே ஸ்டார்ட்டர் மோட்டாரின் அமைப்பு இருக்க வேண்டும். இரண்டாவது, எஞ்சின் எந்த ஆண்டினது என்பதாகும். 1986 மாதிரி முதல் சிறு வி8 எஞ்சின்களின் பின் எண்ணெய் அடைப்பு ஒரே துண்டாக மாற்றப்பட்டது; அதனோடு கிராங்க் தண்டின் திருகு வட்டமும் சிறிதானது. எனவே பழைய வண்டியில் பின்னாளில் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தால், வண்டியின் ஆண்டைக் கொண்டு தகடு வாங்குவது பிழையாகும். மூன்றாவது, சமநிலை எடையாகும். 400 கன அங்குல எஞ்சின் போன்ற சிலவற்றில் சமநிலை எடையின் ஒரு பகுதி தகட்டிலேயே உள்ளது. வேறு தகடு பூட்டினால் எஞ்சின் அதிரும்.

முறுக்குவிசை மாற்றியை அமர்த்துதல்

பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும் முன்னர் முறுக்குவிசை மாற்றி பெட்டியின் முகப்பில் முழுமையாக அமர்த்தப்பட வேண்டும். அது நிலைப்பியின் தண்டு, உள்தண்டு, எண்ணெய்ப் பம்பின் பிடி ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவ்வ வேண்டும். மெல்லச் சுழற்றியவாறு உள்ளே தள்ளும்போது ஒவ்வொரு கவ்வுதலுக்கும் அது சற்றே உள்ளிறங்குவதை உணரலாம்.

இரண்டு கவ்வுதலோடு வேலை முடிந்ததாக எண்ணித் திருகுகளை முறுக்கினால், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே சிக்கிய மாற்றி பம்பை நசுக்கிவிடும். புதிய பெட்டி ஒரு முறையும் ஓடாமலேயே கெட்டுப்போகும். திருகுகளின் வலிமையால் இரு பகுதிகளையும் நெருக்கிச் சேர்க்கக் கூடாது என்பது இதனாலேயே விதியாகக் கொள்ளப்படுகிறது. பெட்டி தன் இயல்பில் எஞ்சினோடு முகம் பொருந்திய பின்னர், மாற்றி கையால் தடையின்றிச் சுழல வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே சுமார் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதன் பின்னரே மாற்றி முன்னோக்கி இழுக்கப்பட்டுத் தகட்டோடு பூட்டப்படும்.

தாங்கிகளும் குறுக்குச்சட்டமும்

கைமுறைப் பெட்டி கொண்ட பழைய சுமையுந்துகள் பலவற்றில் எஞ்சினின் பின்பகுதி எடையைக் கிளட்ச் உறையின் இருபுறத் தாங்கிகளே சுமக்கின்றன. அவ்வுறையைக் கழற்றியதும் எஞ்சின் பின்புறத் தாங்கல் இன்றி நிற்கும். ஆகவே கழற்றும் முன்னரே எஞ்சினுக்கு வேறு முட்டுக் கொடுக்கப்படுகிறது. தானியங்கிப் பெட்டியின் வால்பகுதியைத் தாங்க அடிச்சட்டத்தில் ஒரு குறுக்குச்சட்டம் வேண்டும். 700ஆர்4 பெட்டியின் தாங்கியிடம் 350 பெட்டியினதைவிட ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் உள்ளது, எனவே ஒன்றுக்குரிய குறுக்குச்சட்டத்தை அதே இடத்தில் மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது.

புரொப்பல்லர் தண்டு

குறுகிய வால் கொண்ட 350 பெட்டியின் நீளம் ஏறத்தாழ 70 செ.மீ., 700ஆர்4 பெட்டியின் நீளம் ஏறத்தாழ 78 செ.மீ. பெட்டி நீண்டால் அதற்கும் பின் அச்சுக்கும் இடையிலான தண்டு அதற்கேற்பக் குறுக்கப்பட வேண்டும். 350, 700ஆர்4 ஆகிய இரண்டின் வெளித்தண்டிலும் 27 வரிப்பற்கள் உள்ளன. 400 பெட்டியில் 32 வரிப்பற்கள் உள்ளமையால் தண்டின் முன் நுகமும் மாற்றப்பட வேண்டும்.

தண்டின் புதிய நீளம் பழைய தண்டிலிருந்து மதிப்பிடப்படுவதில்லை. பெட்டி நிலையாகப் பூட்டப்பட்டு, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும் நிலையில் அது அளக்கப்படுகிறது. பின் அச்சு மேலும் கீழும் அசையும்போது நுகம் உள்ளும் புறமும் வழுக்குவதற்கு இடம் விடப்படும். குறுக்கிய தண்டு மீண்டும் சமநிலைப்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் வேகத்தில் அதிர்வு தோன்றும். 127 அங்குலச் சக்கர இடைத்தூரம் உடைய நீண்ட வண்டிகளில் தண்டு இரு துண்டுகளாக, நடுவில் ஒரு தாங்குருளையுடன் உள்ளது. அவற்றில் முன்துண்டே பெரும்பாலும் குறுக்கப்படுகிறது.

சுமையை அறிவிக்கும் தொடர்பு

350 பெட்டிக்கு எஞ்சினின் உள்ளிழுப்புக் குழலிலிருந்து வெற்றிடக் குழாய் ஒன்றும், முழு வேகத்தில் கீழ்க் கியருக்கு இறங்கக் கார்புரேட்டரிலிருந்து கம்பி வடம் ஒன்றும் தேவை. 400 பெட்டியில் கீழிறக்கத்தை மின்விசை ஒன்று செய்கிறது.

700ஆர்4 பெட்டியில் வெற்றிடக் குழாய் இல்லை. த்ரோட்டில் வடம் ஒன்றே கியர் மாறும் நேரத்தையும் உள்ளே உள்ள எண்ணெய் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. வேகமிதியை அழுத்த அழுத்த வடம் இழுபட்டு எண்ணெய் அழுத்தம் கூட வேண்டும். வடம் தளர்ந்திருந்தால் எஞ்சின் முழு வலிமையுடன் இழுக்கும்போதும் அழுத்தம் குறைவாகவே இருக்கும். அப்போது உள்ளிருக்கும் கிளட்சுகள் வழுக்கி, சிறிது தூரத்திலேயே எரிந்துவிடக்கூடும். பழைய கார்புரேட்டர்களின் நெம்புகோல் இவ்வடத்திற்காக வடிவமைக்கப்பட்டதன்று. வடம் இழுபடும் அளவும் கோணமும் சரியாக அமையத் திருத்தப்பட்ட இணைப்புத் தகடு பொருத்தப்பட வேண்டும். மிதி முழுவதும் அழுந்தியிருக்கும்போது வடமும் முழுமையாக இழுபட்டிருப்பதே சரியான அமைப்பின் அடையாளம். அழுத்தமானியைப் பெட்டியில் இணைத்துச் சோதிப்பது இன்னும் நம்பத்தக்க வழியாகும்.

எண்ணெயைக் குளிர்வித்தல்

கைமுறைப் பெட்டிக்குத் தனிக் குளிர்விப்பு தேவையில்லை. தானியங்கிப் பெட்டியின் எண்ணெய் இயல்பாக ஏறத்தாழ 80 முதல் 95 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் இயங்குகிறது. நீண்ட நேரம் அதனை மிஞ்சினால் எண்ணெய் சிதைந்து, அடைப்புகள் கடினமாகி, கிளட்சுகள் வழுக்கத் தொடங்கும். தானியங்கி வண்டிகளின் ரேடியேட்டரில் எண்ணெய்க்கென ஒரு குளிர்விப்புக் குழாய் உள்ளமைந்திருக்கும். கைமுறை வண்டியின் ரேடியேட்டரில் அது இல்லை. ஆகவே ரேடியேட்டரை மாற்ற வேண்டும். அல்லது காற்றோட்டத்தில் தனிக் குளிர்விப்பான் ஒன்றை வைக்க வேண்டும். இழுவண்டிகளை இழுக்கும் வண்டிகளில் இரண்டும் பயன்படுத்தப்படுகின்றன.

மிதிகளும் நெம்புகோலும்

கிளட்ச் மிதி, அதனை உறையோடு இணைக்கும் கம்பிகள், எஞ்சினுக்கும் அடிச்சட்டத்திற்கும் இடையே உள்ள குறுக்கு நெம்பு ஆகியவை நீக்கப்படுகின்றன. தீச்சுவரில் எஞ்சும் துளை அடைக்கப்பட வேண்டும். இல்லையேல் எஞ்சின் வெப்பமும் புகையும் ஓட்டுநர் அறைக்குள் வரும். கியர் நெம்புகோலுக்குத் தானியங்கி வண்டியின் சுக்கான் தூணைத் தேடிப் பொருத்துவது ஒரு வழி. தரையில் தனி நெம்புகோல் அமைப்பது மற்றொரு வழி. வேகமானியின் வடத்தை இயக்கும் சிறு பற்சக்கரமும் பின் அச்சு விகிதத்திற்கும் சக்கர அளவிற்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இல்லையேல் வேகமானி தவறான வேகத்தைக் காட்டும்.

பாதுகாப்பு

கைமுறை வண்டியைக் கியரில் வைத்து முடுக்கினால் அது ஒரு முறை குலுங்கி முன்னே தாவும். தானியங்கி வண்டியை ஓட்டும் நிலையில் முடுக்க முடிந்தால், எஞ்சின் பற்றியவுடன் வண்டி புறப்பட்டுத் தொடர்ந்து ஓடும். இதனைத் தடுக்க, நெம்புகோல் நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லுமாறு ஒரு காப்பு மின்விசை அமைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வாகனப் பாதுகாப்புத் தரம் 102, 1968 சனவரி 1 முதல் தானியங்கிப் பெட்டி கொண்ட புதிய வண்டிகளுக்கு இவ்வமைப்பைக் கட்டாயமாக்கியது. முன்னோட்ட நிலைக்கும் பின்னோட்ட நிலைக்கும் இடையே நடுநிலை இருக்க வேண்டும் என்பதும் இத்தரத்தின் விதியாகும்.

கைமுறைப் பெட்டியுடன் வந்த பழைய வண்டியின் மின்கம்பிகளில் இம்மின்விசை இல்லை. எனவே மாற்றத்தைச் செய்பவரே அதனைச் சேர்க்க வேண்டும். இது இல்லாமலும் வண்டி நன்றாக ஓடும் என்பதால், மாற்றத்தில் மிக எளிதாகப் புறக்கணிக்கப்படும் உறுப்பும் இதுவே. பின்னோட்ட விளக்கின் இணைப்பும் இத்துடன் சேர்த்து அமைக்கப்படுகிறது.

இரண்டாவது ஆபத்து நிறுத்த நிலையைச் சார்ந்தது. இந்நிலையில் பெட்டியினுள் உள்ள ஒரு கொக்கி வெளித்தண்டின் பற்சக்கரத்தில் விழுந்து வண்டியை அசையாமல் பிடிக்கிறது. நெம்புகோலுக்கும் பெட்டிக்கும் இடையிலான கம்பிகளின் அளவு தவறினால், நெம்புகோல் நிறுத்த நிலையைக் காட்டும், கொக்கியோ விழுந்திருக்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதிர்வால் பெட்டி பின்னோட்ட நிலைக்கு வழுவி, ஆளில்லாத வண்டி பின்னோக்கிச் செல்லவும் கூடும். தொழிற்சாலையில் உருவான வண்டிகளிலேயே இச்சிக்கல் எழுந்ததுண்டு. 1966 முதல் 1980 வரையிலான போர்டு தானியங்கி வண்டிகள் பற்றிய நீண்ட விசாரணைக்குப் பின், அவற்றின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கை ஒட்டிகளை அனுப்ப அந்நிறுவனம் 1980 இன் இறுதியில் உடன்பட்டது. வெவ்வேறு வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைக்கும் மாற்றத்தில் இக்கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

1967 முதல் 1972 வரையிலான இவ்வண்டிகளில் திறவுகோல் சுக்கான் தூணில் இல்லாமல் முகப்புப் பலகையில் உள்ளது. எனவே நெம்புகோல் எந்நிலையில் இருந்தாலும் திறவுகோலை எடுத்துவிட முடியும். கைமுறை வண்டியைக் கியரில் விட்டுச் செல்லும் பழக்கமுடைய ஓட்டுநர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே மாற்றத்துடன் கைப்பிரேக்கும் சீரமைக்கப்படுகிறது. இறக்கங்களில் எஞ்சினால் கிடைக்கும் வேகத்தடை குறைவதால் சக்கர பிரேக்குகளின் பணியும் கூடுகிறது.

நன்மைகளும் இழப்புகளும்

நெரிசலான சாலைகளில் ஓட்டுநரின் களைப்புக் குறைதல், இடது காலின் துணையின்றி ஓட்ட முடிதல், ஏற்றத்தில் பின்வழுக்காமல் புறப்படுதல், மிகைவேகக் கியர் இருப்பின் நெடுஞ்சாலையில் எஞ்சினின் உழைப்புக் குறைதல் ஆகியன முதன்மையான நன்மைகளாகும்.

இழப்புகளும் உண்டு. மின்கலம் தீர்ந்த கைமுறை வண்டியைத் தள்ளி முடுக்கலாம். மேற்கூறிய தானியங்கிப் பெட்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் பம்பு இயங்கும் என்பதால் அவ்வாறு முடியாது. இதே காரணத்தால் பழுதான வண்டியைப் பின்சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்துச் சென்றால், எண்ணெய் கிட்டாமல் பெட்டி கெடும். பூட்டுக் கிளட்ச் இல்லாத பெட்டிகளில் வழுக்கத்தால் எரிபொருள் செலவு சற்றுக் கூடுகிறது. கைமுறைப் பெட்டியை ஊர்ப்புறப் பட்டறையில் திறந்து சீர்செய்வது எளிது. தானியங்கிப் பெட்டிக்குத் தனிப் பயிற்சியும் தூய்மையான பணியிடமும் வேண்டும்.

மரபைப் பேணுதல்

பழைய வண்டிகளை வரலாற்றுப் பொருள்களாகக் காண்போர் இம்மாற்றத்தை ஏற்பதில்லை. சுக்கான் தூணில் கைமுறை நெம்புகோல் கொண்ட சுமையுந்துகள் இப்போது உற்பத்தியில் இல்லை. இருப்பவற்றில் ஒன்று மாற்றப்பட்டால், ஒரு காலத்தின் ஓட்டும் முறைக்குச் சான்றாக நிற்கும் பொருள் ஒன்று குறைகிறது என்பது அவர்களின் கருத்து. ஓட்டப்படாமல் கொட்டகையில் துருப்பிடிக்கும் வண்டியைக் காட்டிலும், மாற்றத்துடன் சாலையில் ஓடும் வண்டியே நெடுங்காலம் வாழும் என்பது மறுதரப்பின் கருத்து.

இரு கருத்துகளுக்கும் இடம் தரும் நடைமுறை ஒன்று உள்ளது. அடிச்சட்டத்தை வெட்டாமலும் பற்றவைக்காமலும், திருகுகளால் மட்டும் பூட்டப்படும் குறுக்குச்சட்டத்தைப் பயன்படுத்தலாம். தரையைத் துளைக்கும் நெம்புகோலைத் தவிர்த்து, தானியங்கி வண்டிக்குரிய சுக்கான் தூணைப் பொருத்தலாம். புரொப்பல்லர் தண்டைக் குறுக்காமல் புதிய தண்டொன்றைச் செய்துகொள்ளலாம். கழற்றிய பெட்டி, கிளட்ச், மிதிகள், கம்பிகள் அனைத்தையும் பெயரெழுதி வண்டியுடன் காத்து வைக்கலாம். இவ்வாறு செய்யப்பட்ட மாற்றம் மீளத்தக்கது. பின்வரும் உரிமையாளர் விரும்பினால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலும்.